நெடுவாய்க்கால் மருதையனும் மன்றத்து வாத்துகளும்

நெடுவாய்க்காலில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் முதலில் திட்டுவது மருதையனைத்தான். மழை பெய்யாவிட்டாலும் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று அவர் சொல்லிக்கொள்வார். ஒரத்தநாட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் வருகிற அந்த ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் அவர். காலையில் போட வேண்டும், தொட்டி நிறைந்ததும் நிறுத்த வேண்டும், சாயங்காலம் மறுபடி போட வேண்டும். நடுவில் இருக்கும் நேரம் அவருடைய சொந்த நேரம். அதை அவர் ஊர்ச் சமுதாயக்கூடத்தின் பின்னறையில் தூங்கிக் கழித்தார்.

அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது என்று ஊரில் யாருக்கும் நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் உள்ளே வருகிற காற்றுக்கு விலையே கிடையாது. சாவி மருதையனிடம். தரையில் துண்டை விரித்து, கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்தாரென்றால் உச்சி வெயில் தாழும்வரை எழுந்திருக்க மாட்டார். "வீட்டுல ஃபேன் இருக்கு, கட்டில் இருக்கு, அங்க என்ன இருக்குன்னு போறீங்க?" என்று அவர் மனைவி பொன்னுத்தாய் கேட்பாள். "நீ இல்ல" என்று பதில் சொல்லும் அளவுக்கு அவருக்குத் தைரியம் இருந்ததில்லை. "காத்து இருக்கு" என்பார்.

இப்படியே ஓய்வு பெறுகிறவரை ஓட்டிவிடலாம் என்று அவர் இருந்தபோதுதான் மே மாதம் சுடர்விழி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

சுடர்விழி பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். விவசாயம் படித்தவள். ஓர் அறக்கட்டளையில் வேலை. கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து 'இளம் உழவர் மன்றம்' அமைப்பது, அவர்களுக்குப் பயிர் வளர்க்கவும் பிராணி வளர்க்கவும் நாலு பேர் முன்னால் நின்று பேசவும் பழக்குவது, இதெல்லாம் அவள் பொறுப்பு. மன்றம் கூட இடம் வேண்டும் என்று ஊராட்சியில் கேட்டாள். அவர்கள் யோசிக்காமல் பின்னறையைக் காட்டிவிட்டார்கள்.

"சாவி உங்ககிட்ட இருக்காம்ல ஐயா?"

"இருக்கும்மா. ஆனா அந்த ரூமு சரியில்ல. பாம்பு வரும்."

"பாம்பு வந்தா நல்லதுங்க. எலி குறையும். பிள்ளைங்களுக்கு ஒரு பாடமும் ஆச்சு."

பாம்பைப் பாடமாக்குகிற பெண்ணிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? மருதையன் சாவியைக் கொடுத்துவிட்டார்.

விடுமுறை முடிவதற்குள் அறை அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. சுவரோரம் மண் பாட்டில்கள், தொட்டிகளில் பச்சையாக மிதக்கும் அசோலா என்ற தீவனப் பாசி, கயிற்றில் காயும் விதைப்பைகள். பத்தாம் வகுப்பு பகலவன் மன்றத் தலைவன். சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுகிறானா என்று சந்தேகப்படும்படி திரிந்தான். ஒன்பதாம் வகுப்பு அறிவுமதி பேச்சுப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். 'மண்ணைக் காப்போம்' என்று அவள் தொடங்கினால் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் மாடு கழுவுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மருதையன் வார்டு உறுப்பினரிடம் புகார் சொன்னார். உறுப்பினருடைய மகளும் மன்றத்தில் இருந்தாள். புகார் அங்கேயே படுத்துவிட்டது.

ஆடி போய் ஆவணி வந்ததும் பிள்ளைகள் தெர்மோகோல் பெட்டி, பல்பு, வெப்பமானி எல்லாம் வைத்து ஒரு பொரிப்பான் செய்தார்கள். வாத்து மேய்க்கிற ஒருவரிடம் முட்டை வாங்கி உள்ளே அடுக்கினார்கள். குஞ்சு பொரித்து, கொஞ்சம் வளர்ந்ததும் நடவு வயலில் விடுவதாகத் திட்டம். பூச்சியையும் களையையும் வாத்து தின்னும், அது போடுகிற எச்சம் பயிருக்கு உரம். தை மாதம் ஒரத்தநாட்டில் எல்லா மன்றங்களுக்கும் சேர்த்து நடக்கிற கண்காட்சியில் அந்த வாத்துகளோடு போய் நிற்க வேண்டும். பகலவன் அப்போதே பரிசு வாங்குகிற முகத்தைப் பழகிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை மன்றம் முழுக்க கும்பகோணம் பக்கம் ஓர் இயற்கைப் பண்ணைக்குப் போயிருந்தது. வழியில் தாராசுரம் கோயிலும் பார்க்கிறார்கள், வர சாயங்காலம் ஆகும் என்று மருதையனுக்குத் தகவல். முட்டை பொரிக்க இன்னும் சில நாள் இருக்கிறது, மின்சாரம் போனால் மட்டும் ஒரு போன் செய்யுங்கள் என்று சுடர்விழி சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

சாவி கையில் விழுந்ததும் மருதையனுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணின் சந்தோஷம். மோட்டாரை நிறுத்திவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனார். அசோலாத் தொட்டிக்கும் பொரிப்பானுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது. துண்டை விரித்தார். வாய்க்கால் காற்று பழைய பாசத்தோடு வந்து தடவியது.

விழித்தபோது தலைமாட்டில் யாரோ கீச்சுக் குரலில் சண்டை போடுவதுபோல் கேட்டது. பொரிப்பான் மூடியைத் திறந்து பார்த்தார். அடையில் இருந்த நாள்கணக்கை முட்டை கொடுத்தவர் தப்பாகச் சொல்லியிருந்தார். பாதி முட்டைகள் உடைந்து, மஞ்சளும் கறுப்புமாக ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தன.

"அடப் பாவிகளா, யாருடா நீங்கள்லாம்?" என்றார் மருதையன்.

அவை அவருடைய குரலைக் கேட்ட முதல் நிமிஷம் அது. அதன் பலன் அவருக்கு அப்போது தெரியாது. சுடர்விழிக்குப் போன் போட்டார்.

"ஐயா, ஒண்ணையும் தொடாதீங்க!"

"நான் எங்கம்மா தொட்டேன்? அதுங்கதான் என்னைத் தொடுது."

"சரி, காய்ஞ்ச குஞ்சை மட்டும் எடுத்து அட்டைப்பெட்டியில விடுங்க. மேல பல்பைத் தொங்கவிடுங்க. நாங்க இப்பவே கிளம்பிடுறோம்."

கிளம்பினார்கள். வருகிற வழியில் அவர்கள் வேன் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. மருதையன் அந்த நடுப்பகல் முழுவதும், பிறகு சாயங்காலமும், வாத்துக் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்தால் அவற்றுக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்தார். அவை வெளியே நடந்து வந்து அவர் மடியில் ஏறின. எடுத்து உள்ளே விட்டார். மறுபடி வந்தன. அப்புறம் விட்டுவிட்டார். பேச ஆளில்லாததால் அவற்றிடமே பேசினார். ஊராட்சியைப் பற்றி, மோட்டாரில் காயில் கம்பி கருகியதைப் பற்றி, மதியத் தூக்கத்தைக் கெடுக்கிற பெண்ணைப் பற்றி எல்லாம் சொன்னார். அவ்வளவு கவனமாக அவர் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை.

சுடர்விழி வந்து கதவைத் திறந்தபோது மருதையன் எழுந்து நின்றார். குஞ்சுகளும் எழுந்தன. அவர் வாசலுக்கு நடந்தார். குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் நடந்தன. நின்றார், நின்றன.

சுடர்விழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு. ஐயா, வாத்துக் குஞ்சு பிறந்ததும் முதல்ல எதைப் பார்த்து எது கூட இருக்குதோ, அதைத்தான் தாய்னு நினைச்சுக்கும். கடைசி வரைக்கும் மறக்காது."

"ரெண்டு நாள்ல மறந்துடும்மா" என்றார் மருதையன்.

மறக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக உறுப்பினர்கள் வீட்டில் வளர்ப்பது என்று மன்றம் பிரித்துக் கொடுத்தது. எல்லா வீடுகளிலும் குஞ்சுகள் ஊரையே எழுப்புகிற மாதிரி அலறின. பிள்ளைகளின் அம்மாக்கள் கூடையோடு மருதையன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் "ஏய்!" என்று ஓர் அதட்டல் போட்டார். எல்லாம் கப்சிப். அம்மாக்கள் கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

"வீட்டுக்குள்ள வாத்தா? நான் வேணா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன்" என்றாள் பொன்னுத்தாய்.

"ரெண்டு நாள்தான் பொன்னு."

"நீங்க ரெண்டு நாள்னா அது எத்தனை வருஷம்னு எனக்குத் தெரியும்."

மருதையன் மோட்டார் போட மொபட்டில் போகிறவர். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் மொபட்டுக்குப் பின்னால் ஓடிவந்து, நடுரோட்டில் படுத்து மூச்சு வாங்கின. டவுன் பஸ் டிரைவர் இறங்கிக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மருதையன் நடந்தார். முன்னால் காக்கிச் சட்டையும் நீலக் கைலியுமாக அவர், பின்னால் ஆடி ஆடி ஒற்றை வரிசை. இப்ராஹிமின் டீக்கடை வழியாகத்தான் போக வேண்டும்.

"அண்ணே, கட்சி ஆரம்பிச்சிட்டீங்களா? கூட்டம் நல்லா சேருது!"

"டீயைப் போடுப்பா."

"உங்களுக்கு டீ. தொண்டர்களுக்கு?"

யாரோ இதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன் அன்பரசன் போன் செய்தான். "அப்பா, ஆபீஸ்ல எங்க மேனேஜரே பார்த்துட்டாருப்பா. இது உங்க அப்பாவான்னு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

அன்பரசன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்க ஊர்க்காரருன்னு சொன்னேன்" என்றான். அதிலொன்றும் பொய்யில்லை என்று மருதையன் விட்டுவிட்டார்.

புரட்டாசியில் பகலவன் வீட்டு வயலில் ஒரு மா அளவு நிலத்தில் நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்ததும் வாத்துகளை இறக்கினார்கள். இறக்கிவிட்டு மருதையன் வரப்பில் உட்கார்ந்தார். வாத்துகளும் ஏறிவந்து வரப்பில் உட்கார்ந்தன. அவர் வயலில் இறங்கினார். அவையும் இறங்கி, அவர் காலைச் சுற்றிக் களையைக் கொத்தின. அவர் நின்ற இடத்துக் களை தீர்ந்தால் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே பூச்சிக்கும் களைக்கும் வாத்து, வாத்துக்கு மருதையன் என்று ஏற்பாடாயிற்று. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறைகிறவரை சேற்றில் மேலும் கீழும் நடந்தார். சுடர்விழி வரப்பில் நின்று பிள்ளைகளுக்கு விளக்கினாள். அறிவுமதி குறிப்பெடுத்துக்கொண்டாள்.

"தாத்தா, கொஞ்சம் மேற்கால போங்க. அங்க கோரை நிறைய இருக்கு" என்பான் தலைவன் பகலவன்.

"டேய், நீ எனக்குச் சொல்றியா, வாத்துக்குச் சொல்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான தாத்தா."

திட்டிக்கொண்டேதான் நடந்தார். ஆனால் ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது, வாத்துகள் சன்னலுக்கு வெளியே வந்து ஒன்றும் தின்னாமல் நின்றதைப் பார்த்ததும் போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து வயலுக்குப் போனவரும் அவரேதான். பொன்னுத்தாய் கஞ்சியை வரப்புக்குக் கொண்டுவந்தாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க மோட்டார் போடப் போனீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மார்கழியில் கதிர் வந்ததும் வாத்துகளை வயலிலிருந்து ஏற்றிவிட்டார்கள். அப்புறம் கண்காட்சிக் கவலை. வளர்த்த பிள்ளையே பிராணியைக் களத்தில் நடத்திக் காட்ட வேண்டும் என்பது விதி. பகலவன் நடந்தால் வாத்து நடக்காது. அவன் மருதையனின் காக்கிச் சட்டையையும் நீலக் கைலியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு முயன்றான். வாத்துகள் நாலு எட்டு வைத்தன. அவன் "வாங்க" என்று வாயைத் திறந்ததும் நின்று, ஏமாற்றப்பட்ட முகத்தோடு திரும்பிவிட்டன. கடைசியில் அறிவுமதி ஒரு வழி சொன்னாள். மருதையனின் "வாங்கடா, வாங்கடா, பா பா பா" என்ற அழைப்பைப் போனில் பதிவு செய்தார்கள். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால் வாத்துகள் பகலவனின் பையைத் தொடர்ந்து வந்தன.

"இது போதுமே. எதுக்கு என்னைப் போட்டு வதைக்கிறீங்க?" என்றார் மருதையன். ஆனால் அன்று முழுவதும் அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

போனை நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்காட்சி வைத்த ஞாயிற்றுக்கிழமைதான் மருதையனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அன்பரசன் நாள் பார்த்து, வேன் பிடித்து, போட்டோகிராபர் சொல்லி, பொன்னுத்தாய்க்கு அரக்கு நிறத்தில் பட்டும் எடுத்துவிட்டான். காலையில் கோயில், மதியம் ஹோட்டலில் விருந்து, அப்புறம் சொந்தக்காரர்களோடு பூம்புகார் போய்க் கடல் பார்ப்பது. கண்காட்சி என்ற சொல்லை மருதையன் வீட்டில் எடுக்கவே இல்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கோயிலில் எல்லாம் நன்றாக நடந்தது. கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள், மாலை மாற்றினார்கள், இரண்டாம் முறையாகத் தாலி கட்டினார். போட்டோகிராபர் "சிரிங்க சார்" என்று கெஞ்சினார். மருதையன் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் வெயிலைப் பார்த்து மணி கணக்கிட்டார். ஹோட்டலில் இலை போட்டு உட்கார்ந்ததும் போன் அடித்தது. அறிவுமதி.

"தாத்தா, இங்க ஒரே மைக் சத்தம். போன்ல பதிவு பண்ண உங்க குரல் வாத்துக்குக் கேக்கவே மாட்டேங்குது. வாத்தெல்லாம் போய் நடுவர் மேசைக்கு அடியில உக்காந்துடுச்சு. எங்க முறையைக் கடைசிக்குத் தள்ளி வச்சிருக்காங்க. சுடர்விழி அக்கா உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னாங்க. அதனால அவங்களுக்குத் தெரியாம பேசுறேன்."

"நல்லதும்மா. வை" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்தார். சாம்பார் ஊற்றினார்கள். கை வைக்கவில்லை.

பொன்னுத்தாய் பக்கத்து இலையிலிருந்து கேட்டாள். "எந்நேரம்?"

"என்னது எந்நேரம்?"

"கண்காட்சி எந்நேரம் முடியும்னு கேக்குறேன். ஒரு மாசமா அந்தப் புள்ளைங்க நம்ம கொல்லையில நின்னு ஒத்திகை பார்க்குது. எனக்குக் காது கேக்காதா?" அவள் எழுந்தாள். "அன்பு, சாப்பாட்டைப் பார்சல் கட்டச் சொல்லு. வண்டியை ஒரத்தநாட்டுக்கு விடச் சொல்லு."

"அம்மா, பூம்புகார்?"

"கடல் எங்கடா போயிடப் போவுது?"

மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று வேன் பறந்தது. சொந்தக்காரர்கள் பார்சலைப் பிரித்து மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். வளைவுகளில் பாயசம் ஆளுக்கு ஆள் மாறியது. மாலையைக் கழற்ற வேண்டும் என்றுகூட மருதையனுக்குத் தோன்றவில்லை.

ஒரத்தநாட்டுக் கண்காட்சித் திடலில் சவுக்குக் கம்பு நட்டு வட்டமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். நடுவில் பகலவன் தனியாக நின்றான், பேட்ஜ் வியர்வையில் தொங்க. நடுவர் குந்தவை கால்நடை மருத்துவர். அவர் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டு, "தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் மாலையோடு மருதையன் கயிற்றைத் தாண்டிக் குதித்தார். கூட்டம் சிரித்தது. வாத்துகள் மேசைக்கு அடியிலிருந்து பார்த்தன. அசையவில்லை. இப்படியோர் உருவத்தை அவை கண்டதே இல்லை. மருதையன் குனிந்து கையை நீட்டினார்.

"ஏய்," என்றார். "வாங்கடா. நான்தாண்டா. பா பா பா."

மேசை குலுங்கியது. தண்ணீர் பாட்டில் உருண்டது. எல்லா வாத்துகளும் ஒரே பாய்ச்சலில் வந்து அவர் காலைச் சூழ்ந்து, பட்டு வேட்டியைப் பிடித்து இழுத்து, மாலையிலிருந்த சம்பங்கியைத் தின்னத் தொடங்கின. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்தார். கேட்டவர்களிடம் சந்தனம் கண்ணில் இறங்கிவிட்டது என்றார்.

"இவர் யாருங்க?" என்றார் மருத்துவர்.

அறிவுமதி மைக்கைப் பிடித்தாள். "டாக்டர், இவருதான் எங்க தாய்வாத்து." திடலே அதிரச் சிரித்தது. அவள் அசரவில்லை. குஞ்சு பொரித்த நாளிலிருந்து தொடங்கி, பிறந்ததும் கண்ட முகம் எப்படிப் பதிகிறது, அதனால் வயலில் என்ன வசதி, என்ன தொல்லை, கோரை எவ்வளவு குறைந்தது என்று தடுமாறாமல் சொல்லி முடித்தாள். சுடர்விழி கயிற்றுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியவரே, உங்களுக்கு வயசு என்ன?" என்று கேட்டார் மருத்துவர்.

"இன்னைக்குத்தாங்க அறுபது."

"போட்டி பதினெட்டு வயசுக்கு உட்பட்டவங்களுக்குங்க."

பொன்னுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அம்மா, இன்னைக்கு எனக்கும் இவருக்கும் ரெண்டாவது கல்யாணம். கல்யாண வீட்டுக்குச் சீர் வந்த மாதிரி இதுங்க வந்திருக்கு. பரிசு குடுக்காட்டிப் போங்க. என் பட்டுச் சேலையோட எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க."

முதல் பரிசு வேறு ஊர்ப் பெண்ணின் வெள்ளாட்டுக்குப் போயிற்று. பிராணிப் போட்டியில் நெடுவாய்க்காலுக்கு ஒன்றுமில்லை. விளக்கவுரையில் அறிவுமதிக்கு இரண்டாம் பரிசு, ஒரு சுவர்க் கடிகாரம். பகலவன் பரிசு வாங்குகிற முகத்தைப் பழகியிருந்ததால் அதை அவனே போய் வாங்கிக்கொண்டான். அவள் கேட்டதற்கு, தலைவர் என்ற முறையில் என்றான். திருக்கடையூர் போட்டோகிராபர் வேனில் கூடவே வந்திருந்தார். அவர் எடுத்த படத்தில்தான் மருதையன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். அன்பரசன் அதைத் தன் மேனேஜருக்கு அனுப்பி, எங்க அப்பா என்று எழுதினான்.

மாசியில் வாத்துகள் முட்டையிட ஆரம்பித்தன. முட்டையில் பாதி மன்றத்துக்கு, பாதி வளர்ப்பவர் வீட்டுக்கு என்று சுடர்விழி முடிவு செய்தாள். பொன்னுத்தாய் மிளகும் பூண்டும் அரைத்து, சின்ன வெங்காயம் நிறையப் போட்டு முட்டைக் குழம்பு வைத்தாள். தெரு முனை வரை மணந்தது. மருதையன் தட்டின் முன் உட்கார்ந்தார். குழம்பைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தட்டை மெல்லத் தள்ளிவைத்தார்.

"என்னங்க, உப்பு பத்தலையா?"

"பேரப்புள்ளைங்களை எப்படிடி திங்கிறது?"

பொன்னுத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் அவர் தட்டிலிருந்த முட்டையையும் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்கு ரசத்தை ஊற்றினாள்.